கழிப்பறைச் செயல்திட்டம்

மாட்டுங்காவில் நான் உதவி மேலாளராக இருக்கும் அரங்கத்தில், ஒப்பனை அறையை ஒட்டி ஒரு கழிப்பறை உண்டு. எப்போதும் பூட்டியே இருக்கும். சாவி செயலாளரின் சட்டைப்பையில். கமிட்டிக்காரர்கள் போகலாம், அவர்கள் வீட்டுப் பெண்கள் போகலாம். பெரிய வித்வான்களுக்குக் கேட்காமலே கதவு திறக்கும். தாராவியிலிருந்து வில்லுப்பாட்டுக்கு வருகிறவர்கள் கேட்டால் மட்டும், "ஸ்டேஷன் பக்கத்துல பப்ளிக் டாய்லெட் இருக்கே" என்பார்.

போன வருடம் ஒரு வெளிநாட்டு அமைப்பு, கலை அரங்க ஊழியர்களுக்கு நிர்வாகப் பயிற்சி தந்தது. செயலாளரின் மகனுக்கு விசா கிடைக்காததால் என்னை அனுப்பினார்கள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். தாராவியில் நாங்கள் குடியிருக்கும் லேபர் கேம்ப்பில் அம்மா சந்து முழுக்க லட்டு கொடுத்தாள்.

அங்கே பயிற்றுநர் அம்மையார் ஒரு வேலை கொடுத்தார். உங்கள் அரங்கத்துக்கு வரும் கலைஞராக உங்களை நினைத்துக்கொள்ளுங்கள், வாசலிலிருந்து மேடை வரை நடந்து பாருங்கள், எங்கே தடுக்கிறது என்று எழுதுங்கள் என்றார். நான் அந்தப் பூட்டை எழுதினேன். அவர் அதை எல்லோருக்கும் படித்துக் காட்டினார். அதுவே என் செயல்திட்டமானது: கலைஞர்களுக்குக் கழிப்பறை திறந்திருக்கும். நேரில் வந்து பார்ப்பேன் என்றும் சொன்னார். அந்தப் பாடத்தில் குறையில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

ஊர் திரும்பியதும் செயலாளர் அதைப் படித்தார். "ரொம்ப நன்னா எழுதியிருக்கே. ஃப்ரேம் போட்டு ஆபீஸ்ல மாட்டிடலாம்."

"கதவு சார்?"

"அவங்கல்லாம் யூஸ் பண்ண ஆரம்பிச்சா மெயின்டெய்ன் பண்ண முடியாதுப்பா. நீயே யோசிச்சுப் பாரு."

நானும் அந்த 'அவங்க'தான் என்பது அவருக்குத் தெரியும். ஃப்ரேம் போட்டு மாட்டிவிட்டார்.

அம்மையார் வந்த அன்று எங்கள் சந்தில் இருக்கும் அக்கா ஒருத்தியின் வில்லுப்பாட்டு. கழிப்பறையில் புது சோப்பு, வெள்ளைத் துண்டு. அம்மையார் உள்ளே போய்விட்டு வந்தார், பாராட்டினார், முன்வரிசையில் உட்கார்ந்தார். செயலாளர் கதவைப் பூட்டிவிட்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

அக்கா என்னைத் தேடி வந்தாள். "தம்பி, இந்த ஹாலுன்னா நான் காலைலேந்து தண்ணி குடிக்க மாட்டேம்லா. இன்னைக்கு மாத்திரை போட வேண்டி வந்துட்டு. மேடையில உக்காந்தா ரெண்டு மணி நேரம் எந்திரிக்க முடியாது. சாவி வாங்கித் தா."

"கேட்டுப் பாக்கேன்க்கா."

"கேட்டுப் பாப்பியா? ஏ ஃபாரின் மேனேஜரு, ஒரு கக்கூஸ் சாவிக்கா இம்புட்டு யோசன?" குடம் அடிக்கிறவர் சிரித்தார்.

முன்வரிசைக்குப் போய்க் குனிந்து கேட்டேன். "ப்ரோக்ராம் முடியட்டும்பா" என்றார் செயலாளர், மேடையைப் பார்த்தபடி. எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, நிமிர்ந்து நின்று, அம்மையாருக்குக் கேட்கும்படி ஆங்கிலத்தில் சொன்னேன்: கலைஞர் கழிப்பறைக்குப் போக வேண்டும், சாவி கொடுங்கள். செயலாளர் வாயெல்லாம் சிரிப்பாக எடுத்துக் கொடுத்தார்.

அக்கா போய்விட்டு வந்தாள். "ஜோராத்தான் வச்சிருக்காவ. துண்டெல்லாம் போட்டிருக்கு. நமக்கு எதுக்குன்னு சேலையிலயே கையத் தொடச்சிட்டேன்."

அவள் சொல்லி முடிப்பதற்குள் துப்புரவுத் தொழிலாளி வாளியோடு வந்தார். பின்னாலேயே செயலாளர். "பூரா தோ டால், பூரா!" முழுக்கக் கழுவிவிடு என்று இந்தியில் விரட்டினார். பினாயில் நெடி ஒப்பனை அறை முழுக்க ஏறியது. அம்மையார் போய்விட்டு வந்தபோது யாரும் ஒரு குவளைத் தண்ணீர்கூட ஊற்றவில்லை. வெள்ளைத் துண்டை இரண்டு விரலால் தூக்கி வாளியில் போட்டார்கள்.

படம் எடுக்க உள்ளே வந்த அம்மையார் முகம் மலர்ந்துவிட்டது. ஒவ்வொரு முறையும் உடனே சுத்தம் செய்துவிடுகிறீர்களா என்று கேட்டார். ஆமாம் என்றார் செயலாளர். அம்மையார் என் தோளைத் தட்டினார். நான் வாயைத் திறந்தேன். செயலாளர் அவரை மேடைப் பக்கம் அழைத்துப் போய்விட்டார்.

அக்கா வாளியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் அதத் தொடவே இல்லயே தம்பி" என்றாள்.

தீபாவளி நிகழ்ச்சிக்கு மறுபடியும் வந்தாள். உதடு காய்ந்திருந்தது. என்னிடம் சாவி கேட்கவில்லை.