பிற்பாட்டு இல்லாத மேடை

உதடுகளைக் குவித்து "ப்ர்ர்ர்" என்று அடியிலிருந்து உச்சிவரை ஓர் ஓட்டம். உச்சியிலிருந்து அடிக்கு இன்னோர் ஓட்டம். ஸ்டுட்கார்ட்டின் அந்தச் சலவைச்சாலையில் காலை ஆறு மணிக்கு உலர்த்தும் இயந்திரங்கள் உறுமத் தொடங்கும்போது றெஜினோல்டும் குரல் பழகத் தொடங்கிவிடுவார். கைகள் உணவகங்களின் மேசைவிரிப்புகளை மடித்துக்கொண்டிருக்கும். வயிறு துருத்திபோல் வேறு வேலை பார்க்கும். புதிதாக வந்த துருக்கிப் பெண் ஒருத்தி, இந்த ஆளுக்கு ஏதோ நோய் என்று மேற்பார்வையாளரிடம் ஓடியதும் உண்டு.

குரலை அவர் 'அது' என்று சொல்வதில்லை. "அவர் இண்டைக்கு இன்னும் எழும்பேல்லை" என்பார். "நேற்று ஐஸ்தண்ணி குடிச்சுப்போட்டன், கோவிச்சுக்கொண்டிருக்கிறார்." ஜூலை வெயிலிலும் கழுத்தில் கம்பளிச் சால்வை, பையில் மல்லித்தண்ணீர்ப் போத்தல். ஐம்பது வயதில், ஓப்பரா மேடையில் உச்சம் பிடிக்கும் டெனர் பாடகர்களைப்போல இத்தாலியின் நாப்போலிப் பாட்டுகளைப் பாடக் கிளம்பிய மனிதர், குரலுக்கு இந்த மரியாதைகூடச் செய்யாவிட்டால் எப்படி?

ஆளின் ஊர் இலங்கையின் மன்னாரில் பேசாலை. பங்குத் திருநாள் நாட்டுக்கூத்தில் ராசா வேஷம் அவருக்குத்தான். மைக்கை நம்பாத சபை அது; கடைசி வரிசைக்குக் கேட்க வாயைக் கிழித்துப் பாடவேண்டும். ஆனால் ஒரு சலுகை உண்டு. பாட்டின் கடைசி வரியை ராசா இழுத்து முடிக்கத் தேவையில்லை. மேடை ஓரத்தில் நிற்கும் பிற்பாட்டுக்காரர்கள் அதை வாங்கிப் பாடுவார்கள். அந்த நேரத்தில் ராசா கம்பீரமாக ஒரு சுற்றுச் சுற்றி மூச்சு வாங்கிக்கொள்வார்.

அந்தச் சுற்றுத்தான் 2005இல் அவருடைய மானத்தை வாங்கியது. சலவைச்சாலையின் வாடிக்கையாளர் ஜென்னாரோ, அசல் நாப்போலிக்காரர், ஓர் உணவகம் வைத்திருக்கிறார். விரிப்பு எடுக்க வந்த இடத்தில் றெஜினோல்டின் குரலில் மயங்கி, தங்கள் இத்தாலியர் சங்கத்தின் கோடைவிழாவில் ஒரு பாட்டுப் பாடச் சொன்னார். பாட்டு ஏறி ஏறிக் கடைசி வரிக்கு வந்தது. சபை காத்திருந்தது. றெஜினோல்ட் அழகாக ஒரு சுற்றுச் சுற்றி, இரண்டடி பின்னால் தள்ளி நின்று மூச்சு வாங்கினார். வாங்கிப் பாட ஆளில்லை. பியானோ தன்பாட்டில் போய் முடிந்தது.

இருநூறு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஜென்னாரோ மட்டும் சிரிக்கவில்லை. "அடுத்த வருடமும் உனக்கு இடம் தருவேன். அந்த வரியை நீயே முடித்தால் நீ பாடகன். இல்லையென்றால் நமக்குள் மேசைவிரிப்புச் சங்காத்தம் மட்டும்தான்" என்றார். வீட்டுக்கு வந்த றெஜினோல்ட் சப்பாத்தைக் கழற்றாமலே மனைவி கொறற்றியிடம் சொன்னார்: "இருவது வருசமா ஊத்தைத் துணி தோய்க்கிறன், ஒருநாளும் வெக்கப்படேல்லை. இண்டைக்கு வெக்கமாக் கிடக்கு."

பங்குக் கோவிலின் பாடகர் குழுவுக்குப் பியானோ வாசிக்கும் உல்ரிக்கே என்ற இளம்பெண் சனிக்கிழமைகளில் அவருக்கு நேரம் ஒதுக்கினாள். உச்சம் வரும்போது வாயை அகட்டாதீர்கள், உள்ளே வட்டமாக்குங்கள். தொண்டையால் தள்ளாதீர்கள், முதுகுப்பக்க விலாவை விரியுங்கள் என்றாள். மன்னார்க் கூத்துக்காரருக்கு இது பெரும் அநியாயமாகப் பட்டது. "கொட்டாவி விட்டுக்கொண்டு பாடச் சொல்லுது அந்தப் பிள்ளை. கத்தாமல் எப்பிடியப்பா கேக்கும்?" என்று கொறற்றியிடம் முறையிட்டார். நாலாம் மாதம் ஒருநாள் உச்சம் எந்த முக்கலும் இல்லாமல் வெளியே வந்தது. பக்கத்து அறையில் கூட்டிக்கொண்டிருந்த கோவில் பணியாளர் தும்புத்தடியோடு எட்டிப் பார்த்தார். "நான் ஒண்டும் செய்யேல்லை, அவர் தானாப் போறார்!" என்று தமிழிலேயே கத்திவிட்டார் றெஜினோல்ட். உல்ரிக்கேக்கு அது விளங்கியது.

அழுகைதான் அடுத்த வில்லங்கம். பாட்டில் ஒருவன் காதலியின் சன்னலுக்குக் கீழே நின்று மன்றாடுகிறான். கூத்தில் மகனை இழந்த ராசாவாக நிசமாகவே கண்ணீர் விட்டுப் பழகியவர், இங்கும் விட்டார். தொண்டை அடைத்து, உச்சம் உடைந்தது. வாரக்கணக்கில் உடைந்தது. கடைசியில் ஜென்னாரோ தன் மனைவியோடு வாக்குவாதப்பட்டதைப் பார்த்துத்தான் றெஜினோல்ட் தெளிந்தார். நெஞ்சை முன்னால் தள்ளி, கையை விரித்து, அவளைவிட்டால் உலகில் யாருமில்லை என்று அதட்டிக்கொண்டிருந்தார் அந்த மனிதர். "பாட்டிலை நிக்கிறவனும் கெஞ்சேல்லை, உரிமையோடை சண்டை பிடிக்கிறான். நான்தான் விளங்காமல் செத்தவீடு கொண்டாடியிருக்கிறன்." அன்றிலிருந்து கண் காய்ந்தது. உச்சத்துக்கு முன்னால் மூச்சில் மட்டும் ஒரு சின்ன விக்கல் வரும், அவ்வளவுதான். கேட்டுக்கொண்டிருந்த உல்ரிக்கேதான் மூக்கை உறிஞ்சினாள்.

எல்லாம் சரி, கால்கள் மட்டும் திருந்தவில்லை. கடைசி வரி வந்தால் அவை தம்பாட்டில் சுற்றின. கொறற்றி ஒருநாள் ஒத்திகைக்கு வந்து பார்த்துவிட்டு, "இஞ்சேருங்கோ, பியானோவிலை ஒரு கையை அழுத்தி வைச்சுக்கொண்டு பாடுங்கோ. கையை விட்டிட்டுக் கால் எங்கை போகும்?" என்றாள். விழா நாளன்று முன்வரிசையில் இருந்துகொண்டு எச்சரிக்கையும் விட்டாள்: "நான் பிற்பாட்டுப் பாடமாட்டன், சொல்லிப்போட்டன்."

இத்தாலி உதைபந்தாட்ட உலகக் கிண்ணம் வென்ற அடுத்த வாரம் அது. மண்டபம் முழுக்கக் கொடி, கூச்சல். றெஜினோல்ட் மேடை ஏறியதும் போன வருடத்து ஆட்கள் ஒருவரையொருவர் முழங்கையால் இடித்துக்கொண்டார்கள். அவர் அதைப் பார்த்தார். உல்ரிக்கே வாசிக்க உட்கார்ந்திருந்த பியானோவில் கையை ஊன்றிக்கொண்டு தொடங்கினார்.

முதல் அடியிலேயே இடித்த முழங்கைகள் அடங்கின. பாட்டு ஏறியது. கடைசி வரி வந்தது. முழங்கால் சுற்றுக்கு மடங்கியது. கை விடவில்லை. முதுகு விரிந்தது, மூச்சில் அந்த விக்கல் வந்தது, வாய்க்குள் குரல் வட்டமாகி எழுந்து உச்சத்தில் போய் நின்றது. நின்றுகொண்டே இருந்தது. உல்ரிக்கே விரல்களைத் தூக்கிவிட்டுக் காத்திருந்தாள். முடிக்கவேண்டிய இடத்தில், முடிக்கவேண்டிய ஆளே முடித்தார்.

நாற்காலிகள் பின்னால் சரிந்தன. ஜென்னாரோ மேசைமேல் ஏறி நின்று, இன்னொருதரம் பாடு என்று இத்தாலியர்கள் கேட்கும் "பிஸ்! பிஸ்!" கூச்சலைக் கிளப்ப, இருநூறு பேரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். கொறற்றி எழுந்து நின்று கைதட்டினாள். றெஜினோல்ட் பியானோவிலிருந்து கையை எடுத்தார். உல்ரிக்கேயின் பக்கம் திரும்பி, சுருதியை அரைக்கட்டை ஏற்றச் சொல்லிச் சுட்டுவிரலை மேலே நீட்டினார்.