தண்ணீர்த் தொட்டிக்குள் ஒரு டிரையல்

ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு ஊர் ஊராக வேலை பார்த்தவன் நான். திருப்பூரில் சாயப்பட்டறை, பாலக்காட்டில் பரோட்டாக் கடை, நடுவில் கொஞ்ச காலம் லாரி கிளீனர். கடைசியாக ஒரகடத்தில், கார் கதவுக்கு ரப்பர் பட்டை அழுத்தும் லைனில் வந்து நின்றேன். கட்டைவிரல் மரத்துப்போகும் வேலை. சோற்றைப் பிசையும்போது சூடு தெரியாது. மற்றபடி குறையில்லை.

இந்த விரலை வைத்துக்கொண்டு எத்தனை நாள் ஓட்டுவது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, மறைமலை நகரில் கோயில் திருவிழாக்களுக்குப் பாடும் மெல்லிசைக் குழு ஒன்றில் பாடகர் இடம் காலி என்று கேள்விப்பட்டேன். நானே கட்டிய முருகன் பாட்டு ஒன்று இருந்தது. போனில் பதிவு செய்து அனுப்பினேன். குழு நடத்துபவர் உடனே கூப்பிட்டார்.

"தம்பி, இதுல பாட்டு எது, கொசு எதுன்னே தெரியலப்பா. ஞாயித்துக்கெழமைக்குள்ள ஒழுங்கா ரெக்கார்ட் பண்ணி அனுப்பு. இல்லன்னா வேற ஆள் பார்த்துருவேன்."

ஒரகடத்தில் பழைய சாமான் கடை ஒன்றுண்டு. கம்பெனி ஆபீஸ்கள் கழித்துக்கட்டியதெல்லாம் அங்கேதான் வரும். ஒரு டேப்லெட் இருந்தது, ஒரு கம்ப்யூட்டரும் இருந்தது. எது பாட்டுக்கு நல்லது என்று கேட்டேன். கடைக்காரருக்கும் தெரியவில்லை. என் பைக்கைப் பிடித்து வைத்துக்கொண்டு, "ரெண்டையும் எடுத்துனு போய் பாரு. ஒண்ண திருப்பிக் குடுத்துட்டு வண்டிய எடுத்துக்கோ" என்றார்.

வல்லக்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு மாடி அறையில் இருந்தோம். ஆறு பேர், மூன்று பாய். மூன்று ஷிப்ட் ஓடுவதால் பாய்க்கு ஓய்வே கிடையாது. எங்களில் மூத்தவர் தென்காசிப் பக்கத்துக்காரர். அண்ணாச்சி என்போம். போல்ட் செய்யும் கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை. சட்டைப் பையில் எப்போதும் வட்ட ஸ்டிக்கர் வைத்திருப்பார். பச்சை என்றால் சரி, சிவப்பு என்றால் ரிஜெக்ட், மஞ்சள் என்றால் ஓரமாக வை, பிறகு பார்க்கலாம். அறையில் குழம்புச் சட்டிக்குக்கூட ஒட்டியிருக்கிறார்.

"ஏல, டிரையல் எடுக்காம ஒரு போல்ட்டக் கூட நாங்க உள்ள விட மாட்டோம், கேட்டியா. டேப்லெட்டா கம்ப்யூட்டரான்னு நீ சொல்லாத. டிரையல் சொல்லட்டும்."

பாட்டு மாறக்கூடாது, ஆள் மாறக்கூடாது, இடம் மாறக்கூடாது, மெஷின் மட்டும் மாறலாம் என்றார். ஒவ்வொரு முறையும் நான் வாயைத் திறப்பதற்கு முன், கம்பெனியில் பாகங்களுக்கு ஒட்டும் லேபிளைப் படிப்பது போல, அவர் கம்பீரமாக அறிவித்தார்:

"பாகம், முருகன் பாட்டு. மெஷின், கம்ப்யூட்டர். மாதிரி ஒன்று."

"இது எதுக்கு அண்ணாச்சி?"

"நாளைக்கு எவனாச்சும் கொற சொன்னா எந்த மாதிரின்னு தெரியணும்லா."

கம்ப்யூட்டரில் பாடியதைக் கேட்டோம். உள்ளே ஓடும் காற்றாடி, கம்பெனி பஸ் கிளம்பாமல் உறுமிக்கொண்டு நிற்பது போலக் கேட்டது. கம்ப்யூட்டரின் நெற்றியில் சிவப்பு ஒட்டினார். டேப்லெட்டில் பாடியதைக் கேட்டோம். காற்றாடி இல்லை, நைட் ஷிப்ட் முடித்துவந்து படுத்திருந்தவரின் குறட்டை, பல்லவியிலிருந்து கடைசிவரை தாளம் தப்பாமல் வந்தது. அண்ணாச்சி எழுந்து போய் அவர் நெற்றியிலும் சிவப்பு ஒட்டினார். அன்றிரவு அவர் அதோடேயே வேலைக்குப் போக, கேட்டில் செக்யூரிட்டி நிறுத்திவிட்டாராம்.

அடுத்து போர்வைக்குள் உட்கார்ந்து பாடினேன். மூச்சு முட்டியது. அண்ணாச்சி, கம்பெனியில் செய்வதுபோல், ஏன் ஏன் என்று கேட்டுக் கோளாறின் வேரைப் பிடிக்கப் பார்த்தார்.

"ஏன் மூச்சு முட்டுது?"

"போர்வைக்குள்ள பாடுறேன்."

"ஏன் போர்வை?"

"குறட்டை கேக்குது."

"ஏன் குறட்டை?"

"அவருக்கு நைட் ஷிப்ட்."

"ஏன் நைட் ஷிப்ட்?"

"கம்பெனி ராத்திரியும் ஓடுதே."

"அப்பிடிச் சொல்லு. கம்பெனிய நிறுத்துனா பாட்டு சரியாயிரும்." இதைச் சிரிக்காமல் சொன்னார். பிறகு, "அது நம்ம கையில இல்ல" என்றும் வருத்தப்பட்டார்.

இப்படியே சனிக்கிழமை வந்துவிட்டது. அன்று வீட்டுக்கார அக்கா மொட்டை மாடியில் இருந்த கறுப்புப் பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டியைக் கழுவிக் காலியாக வைத்திருந்தார். அண்ணாச்சி அதன் வாய்க்குள் தலையை விட்டு "ஓ" என்றார். உள்ளிருந்து பெரிய ஓ ஒன்று திரும்பி வந்தது. தலையை வெளியே எடுத்தபோது அவர் முகமே மாறியிருந்தது. "எடத்த மாத்துவோம்ல. இனி இங்கதான் டிரையல்" என்றார்.

கம்ப்யூட்டரைத் தூக்கிவந்து பார்த்தோம். பெட்டி நுழைந்தது, திரை நுழையவில்லை.

"கம்ப்யூட்டர் ரிஜெக்ட்."

"அது தொட்டியோட குறைதானே, அண்ணாச்சி?"

"பொருந்த வேண்டிய எடத்துல பொருந்தலன்னா ரிஜெக்ட்தாம்ல. எறங்கு."

டேப்லெட்டோடு இறங்கினேன். நடு மத்தியானம். இட்லிப் பானைக்குள் உட்கார்ந்த மாதிரி இருந்தது. கீழேயிருந்து அக்கா கத்தினார்:

"இன்னாபா பண்றீங்க மேல? ஷிப்டு வுட்டு ஆளுங்க வந்துகினு கீறாங்க. தண்ணி இல்லன்னா என்னைத்தான் கேப்பானுங்க!"

"ரெண்டே நிமிசம் அக்கா, உள்ள ஆளு இருக்கு!" என்றார் அண்ணாச்சி.

"தொட்டிக்குள்ள இன்னாய்யா ஆளு?"

அண்ணாச்சி தொட்டி வாயில் குனிந்து, "பாகம், முருகன் பாட்டு. மெஷின், டேப்லெட். மாதிரி ஒன்பது" என்றார். வானத்திலிருந்து யாரோ என்னை ஏலம் விடுவது போல இருந்தது. நான் பாடத் தொடங்கினேன். முதல் சரணம் முடிகிறபோது அக்கா மோட்டாரைப் போட்டுவிட்டார்.

தண்ணீர் முதுகில் விழுந்தது. டேப்லெட்டைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தேன். அண்ணாச்சி மேலிருந்து, "நிறுத்தாதல! நடுவுல நிறுத்துனா மாதிரி செல்லாது!" என்று கையை ஆட்டினார். முழங்கால் வரை தண்ணீர் ஏறியபோது பாட்டை முடித்தேன்.

வேறு வழியில்லாமல் அதையே அனுப்பினேன். ஞாயிறு காலை குழு நடத்துபவர் கூப்பிட்டார். எல்லோரும் கேட்கட்டும் என்று அண்ணாச்சி போனை ஸ்பீக்கரில் போட்டார்.

"தம்பி, பாட்டு பரவால்ல. தண்ணி சத்தமெல்லாம் சேர்த்திருக்க, நல்லாத்தான் இருக்கு. ஆனா ஆரம்பத்துல ஒருத்தர் பேசுறாரே, அவர் யாரு? இந்த மாதிரி ஒரு குரலத்தான் நிகழ்ச்சி அறிவிப்புக்குத் தேடிட்டு இருக்கேன்."

அண்ணாச்சிக்குக் கோபம் வந்துவிட்டது. "ஐயா, நீங்க தப்பான பாகத்த அப்ரூவ் பண்ணுதீய. நான் லேபிளு. பாகம் அவன்தான்."

"கேட்டியா அந்தக் குரல? அவரக் கூட்டிட்டு வா தம்பி. வந்தா நீயும் பாடு."

அண்ணாச்சிக்கு நிரந்தர வேலை. ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் கிடைத்தால் விடமாட்டார். என்னைப் பார்த்தார். நான் கட்டைவிரலைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

"லேபிளு இல்லாம பாகம் போவாது" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார்.

அன்றே கம்ப்யூட்டரையும் டேப்லெட்டுக்கான காசையும் கொடுத்துவிட்டு வண்டியை மீட்டேன். அதன் நெற்றியில் சிவப்பு ஸ்டிக்கரைப் பார்த்த கடைக்காரர், "இன்னாபா இது, பொட்டு வெச்சி எடுத்தாந்துக்கீற" என்றார்.

முதல் கச்சேரி ஓர் அம்மன் கோயில் திடலில். அண்ணாச்சி மைக்கைப் பிடித்து, "அடுத்த பாகம், முருகன் பாட்டு" என்றார். கூட்டம் அதற்கே கை தட்டியது. நான் பாடி முடித்ததும் தட்டினார்கள், கொஞ்சம் குறைவாக.

இறங்கி வந்து, "எப்படி அண்ணாச்சி?" என்றேன். சட்டைப் பையில் கையை விட்டு யோசித்தார். மஞ்சள் ஸ்டிக்கரை எடுத்து என் சட்டையில் ஒட்டினார்.

மறுநாள் காலை அதே சட்டையில்தான் கம்பெனி பஸ் ஏறினேன். ஸ்டிக்கரை எடுக்கவில்லை.