இங்கே உங்களைப் பற்றி எழுதவும்

துறைமுகத்தில் கிரேன் பராமரிப்பு என் வேலை. அம்மா வீட்டில் செய்யும் முந்திரி மக்ரூனை விற்க, வீடியோ பார்த்துப் படித்து நானே ஒரு இணையதளம் உருவாக்கினேன். படம், விலை, ஆர்டர் படிவம் எல்லாம் சரிபார்த்துத்தான் வெளியிட்டேன். முன்பின் தெரியாத யாராவது வாங்குவார்களா என்பதுதான் கவலை.

மறுநாளே ஆர்டர் வந்தது. காயல்பட்டினத்து அக்கா ஒருவர் ஒரு கிலோ கேட்டு, கீழே தன் கணவரைப் பற்றி நீளமாக எழுதியிருந்தார்: "மாப்பிள்ளை தோஹாவுல இருந்து வெள்ளிக்கிழமை வாராங்க. அவங்களுக்கு மக்ரூன்னா உசுரு. நான் செஞ்சா கல்லாட்டம் வருது."

இதையெல்லாம் ஏன் எழுதினார்? தளத்தைத் திறந்தேன். படிவத்துக்கு மேலே, "இங்கே உங்களைப் பற்றி எழுதவும்" என்று மாதிரிப் பக்கத்தோடு வந்த வரி அப்படியே கிடந்தது. அதை அழித்துவிட்டு, எங்களைப் பற்றி நான் எழுதியிருக்க வேண்டும்.

வெட்கத்தோடு அம்மாவிடம் சொன்னேன். அம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள்.

"ஏளா, அந்தப் புள்ள கேட்டதுக்கு ஒழுங்கா சொல்லியிருக்கா. நீ பதில் எழுது. எனக்கும் மொத தடவ கல்லாட்டந்தான் வந்துச்சு. ஒங்கப்பா டீயில முக்கித் தின்னாங்கன்னு எழுது."

"அப்பா மானம் போயிரும்மா."

"போவட்டும், எழுதுளா!"

அக்காவுக்கு அனுப்பிய அந்தப் பதிலையே தளத்திலும் போட்டேன். முகம் தெரியாத ஒருவர் முதலில் மனம் திறந்ததால்தான், எங்களைப் பற்றிச் சொல்ல எங்களுக்கும் வாய் வந்தது.