என் பெயரை மாட்டிக்கொண்டு உள்ளே போனவர்

என் பெயர் அச்சடித்த பேட்ஜை உங்கள் மைத்துனர் சட்டையில் குத்தி உள்ளே அனுப்பினீர்கள், சார். என்னைத் திருடன் என்று சொன்னதும் நீங்கள்தான்.

படிக்கிறவர்களுக்கு விவரம் சொல்லிவிடுகிறேன். இவர் பொறியியல் கல்லூரியில் எனக்கு டெக்ஸ்டைல் பாடம் எடுத்த பேராசிரியர். தொண்ணூறுகளின் கடைசியில், நான் இறுதியாண்டு படித்தபோது, எங்கள் வகுப்பில் சிலரை ஐரோப்பாவுக்குக் கல்விச் சுற்றுலா அழைத்துப் போனார். பாரிஸ், மிலான், அப்புறம் ஜெர்மனி. பாதி நாள் ஊர் பார்ப்போம், பாதி நாள் கம்பெனி பார்ப்போம். அவர் மனைவியின் தம்பியும் எங்களோடு வந்தார். வேலூரில் டைல்ஸ் கடை வைத்திருந்தவர். அவருக்கும் பொறியியலுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

பாரிஸில் எல்லோரையும் போல இரும்புக் கோபுரத்துக்குக் கீழே நின்று போட்டோ எடுத்துக்கொண்டேன். மிலானில் பேரிங் செய்யும் கம்பெனியில் எண்ணெய் நாற்றத்தில் நின்று குறிப்பு எடுத்தேன். ஸ்டுட்கார்ட்டில் ஒரு இயந்திரக் கை கார் கதவைத் தூக்கி மாட்டியதைப் பார்த்து எல்லோரும் வாயைப் பிளந்தார்கள், நானும் பிளந்தேன். ஆனால் நான் விமானம் ஏறியது இதற்கெல்லாம் இல்லை. ஜெர்மனியில் ஒரு சின்ன ஊரில் ஜக்காடு செய்யும் கம்பெனி இருந்தது. அது எங்கள் பயணத்தில் இருந்ததால்தான் வந்தேன்.

ஜக்காடு என்பது தறிக்கு மேலே உட்கார்ந்து, டிசைனுக்குத் தகுந்தபடி இழைகளைத் தூக்கிவிடும் பெட்டி. எங்கள் ஊர் ஆரணியில் அதற்கு ஓட்டை போட்ட அட்டைகளைக் கோத்துத் தொங்கவிடுவோம். அந்தக் கம்பெனியின் பெட்டிக்கு அட்டையே வேண்டாம், கம்ப்யூட்டரே இழையைத் தூக்கும் என்று படித்திருந்தேன். எங்கள் வீட்டில் பட்டுத் தறி ஓடியது. படிப்பு முடிந்ததும் ஆரணியிலேயே கம்ப்யூட்டரில் புடவை டிசைன் போட்டுத் தரும் தொழில் தொடங்க வேண்டும் என்று இருந்தேன். அந்தப் பெட்டியை நேரில் பார்க்காமல் எப்படித் தொடங்குவது?

கம்பெனி வரவேற்பறையில் ஒரு பெண் எங்கள் பெயர் போட்ட பேட்ஜ்களை அடுக்கி வைத்திருந்தாள். பேராசிரியர் மொத்தமாக வாரிக்கொண்டு அவரே ஒவ்வொருவருக்காகக் கொடுத்தார். எனக்குக் கொடுக்கவில்லை. தோளில் கை போட்டு ஓரமாக அழைத்துப் போனார்.

"உங்க வீட்ல தறி ஓடுதில்ல? தொழில்காரன் வீட்டுப் பசங்கள உள்ள விட மாட்டாங்களாம்பா. ரூல்ஸு. நீ இங்கயே ஒக்காரு."

நம்பினேன். நம்பாமல் என்ன? எங்கள் ஊரிலும் அப்படித்தான். தறிக்கூடத்துக்குள் அதே தொழில் செய்யும் இன்னொருவர் நுழைந்தால், டிசைன் தெரியாதபடி நெய்துகொண்டிருக்கும் புடவை மேல் ஒரு துண்டு வந்து விழும். வந்தவர் கோபித்துக்கொள்ள மாட்டார். போர்த்தியவரே "வாங்க, காபி சாப்டுங்க" என்பார். ஜெர்மனிக்காரனும் துண்டு போடுகிறான் என்று நினைத்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பெண் என் பெயரைக் கேட்டாள். சொன்னேன். கையிலிருந்த தாளைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "நீங்கள் ஏற்கெனவே உள்ளே போய்விட்டீர்களே" என்றாள் ஆங்கிலத்தில். எனக்குப் புரியவில்லை. பேராசிரியர் சொன்ன விதியைப் பற்றிச் சொன்னேன். அப்படி ஒரு விதி இங்கே இல்லை என்று சொல்லிவிட்டு உள்ளே போன் போட்டாள்.

பேராசிரியர் வெளியே வந்தார். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவளிடம் ஏதோ சொன்னார். அவள் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. எனக்கு எதிரே மேசையில் கிடந்த கம்பெனிப் புத்தகங்களை எடுத்து இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினாள். அவர் சொன்னது என் காதில் விழவில்லை. பூட்டிய சத்தம் விழுந்தது. என்னைப் பற்றி என்ன சொல்லியிருப்பார் என்று தெரிய அது போதும்.

எல்லோரும் திரும்பி வந்தபோதுதான் மைத்துனரின் சட்டையைப் பார்த்தேன். பெரிய எழுத்தில் என் பெயர். பேட்ஜைக் கழற்றி வரவேற்பறைப் பெட்டியில் போட்டுவிட்டு என்னிடம் வந்தார்.

"கோச்சிக்காதப்பா. உள்ள ஒண்ணுமில்ல, ஒரே சத்தம். நீ பாக்காத தறியா?"

மாணவர்கள் எத்தனை பேரோ அத்தனை பேருக்குத்தான் அங்கே அனுமதி. மைத்துனருக்கு இடம் வேண்டும் என்றால் ஒருவனை வெளியே தள்ள வேண்டும். தள்ளுவதற்குக் காரணம் சொல்ல வசதியாக இருந்தவன் நான். அவ்வளவுதான் விஷயம். இறுதியாண்டு மதிப்பெண் பேராசிரியர் கையில் இருந்ததால் நான் அங்கே சத்தம் போடவில்லை.

அதோடு விட்டிருந்தால் நானும் விட்டிருப்பேன். படிப்பு முடிந்து ஆரணியில் சின்னக் கடை போட்டேன். வியாபாரிகள் டிசைன் கொண்டு வந்தார்கள். சில வருஷம் நன்றாகவே ஓடியது. அப்போது பட்டு வியாபாரிகள் சேர்ந்து, புதுத் தொழில்நுட்பம் பற்றிப் பேச இந்தப் பேராசிரியரை எங்கள் ஊர்க் கல்யாண மண்டபத்துக்கு அழைத்தார்கள். நானும் அப்பாவும் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தோம். அந்த ஜெர்மன் கம்பெனிக்குள் எடுத்த போட்டோவைத் திரையில் காட்டினார். நடுவில் மைத்துனர் நின்றிருந்தார்.

"உங்க ஊர்ப் பையன் ஒருத்தனையும் கூட்டிகினு போனேன்" என்றார் மைக்கில். "கேட்லயே நிறுத்திட்டான் வெள்ளக்காரன். ஏன்யான்னு கேட்டேன். ஆரணிக்காரனா, டிசைன கண்ணாலயே சுட்டுகினு பூடுவான்றான்!"

அவரோடு ஐரோப்பா போன ஆரணிப் பையன் நான்தான் என்று ஊருக்கே தெரியும். மண்டபமே சிரித்தது. அப்பா சிரிக்கவில்லை. "இன்னாடா இது? என்ன எதிர்ல ஒக்கார வெச்சிகினே சொல்றான்" என்றார்.

நான் எழுந்தேன். "சார், போட்டோல நடுவுல நிக்கிறாரே, அவரு எந்த வருஷம் படிச்சாரு?"

"நல்ல கேள்வி" என்றார். "ஆனா டைம் ஆயிடுச்சி, சாப்பாடு ஆறிடும்." நாற்காலிகள் தள்ளும் சத்தம். எல்லோரும் பந்திக்குப் போனார்கள்.

அந்த வாரமே ஒரு வியாபாரி வந்து, கொடுத்திருந்த டிசைனைத் திரும்பக் கேட்டார். "தப்பா நெனச்சிக்காத தம்பி. நான் உன்ன சொல்லல. ஆனா ஜனங்க பேசிகினு இருக்காங்க. டிசைன் வெளிய பூட்டா என் பொழப்பு பேஜாராயிடும்." மற்றவர்கள் வந்து கேட்கக்கூட இல்லை, ஆளனுப்பி வாங்கிக்கொண்டார்கள். என் தொழிலில் நம்பிக்கைதான் முதல். அது போனதும் கடையை மூடினேன். இப்போது செய்யாறு பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்டு பார்க்கிறேன். அங்கும் ஆரணிக்காரன் ஒருவன் என்னைப் பார்த்ததும் கேட்டான்: "நீதான அந்த வெள்ளக்காரன் கேட்ல நிறுத்தன ஆளு?"

உங்களுக்குக் கல்லூரியில் பாராட்டு விழா வைக்கப்போகிறார்களாம், சார். உங்களை நான் மன்னிக்கவில்லை. நீங்கள் தனியாகக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டாலும் வாங்கமாட்டேன். உங்களுக்கு அவமானம் வர வேண்டும், நாலு பேர் எதிரில் வர வேண்டும். அதற்காகத்தான் இதை எழுதி அச்சுக்குக் கொடுக்கிறேன். ஒரு பிரதி உங்கள் கல்லூரிக்குப் போகும், ஒன்று ஆரணி வியாபாரிகளுக்கு.

விழா மேடையில் மைக் இருக்கும். உங்கள் மாணவர்கள் இருப்பார்கள். நானும் வந்து நிற்பேன். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அந்த வரவேற்பறைப் பெண்ணிடம் என்ன சொன்னீர்கள்? இந்த முறை முகத்தைக் காட்டிக்கொண்டு சொல்லுங்கள். சாப்பாடு ஆறினால் ஆறட்டும்.