அண்ணியின் ஓரப்பார்வை

அண்ணனும் அண்ணியும் ஊர்க்கோடியில் இருந்த புது வீட்டுக்குக் குடிபோனது ஒரு ஞாயிற்றுக்கிழமை. கட்டில், பீரோ, பாத்திர மூட்டை எல்லாம் வண்டியில் ஏறின. தையல் மெஷின் மட்டும் ஏறவில்லை.

"அது உன்கிட்டயே கிடக்கட்டும். கண்ணு போனவளுக்கு மெஷின் எதுக்கு?" என்றாள் அண்ணி.

தெருவில் பாதிப் பேருக்குச் சட்டை தைத்தவள் அவள். கறுப்புத் துணியில் கறுப்பு நூலால் காஜா எடுப்பாள். பேச வந்தவர்களுக்கு முகம் கிடைக்காது, உச்சந்தலைதான். ஊசிமுனையை விட்டுக் கண்ணை எடுக்கவே மாட்டாள். கொஞ்ச நாளாக நூல் கோக்கத் தடுமாறினாள். அவள் அம்மாவுக்கும் இந்த வயதில்தான் பார்வை போனதாம். "வெறும் வெள்ளெழுத்து. கண்ணாடி போட்டா தீர்ந்துது" என்று அண்ணன் சொன்னது காதில் ஏறவில்லை.

நான் அப்போதுதான் மூன்று வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டுத் திரும்பியிருந்தேன். வீட்டில் கால் தரிக்கவில்லை. ஒரு ராத்திரி கரண்ட் போனதும் அண்ணியை மொட்டைமாடிக்கு இழுத்துப் போனேன். ஆண்ட்ரோமீடா என்கிற பக்கத்து நட்சத்திர மண்டலம் அன்று தெரிந்தது. இருபத்தைந்து லட்சம் வருடத்துக்கு முன் புறப்பட்ட வெளிச்சம். வெறுங்கண்ணுக்கு எட்டுவதில் இதைவிடத் தூரமானது அநேகமாக இல்லை. பார்வைக்கு என்னவோ, கண்ணாடியில் ஊதிய மூச்சு மாதிரி ஒரு மங்கல்தான்.

"எங்கேடி?"

"அந்த நட்சத்திரத்துக்குக் கொஞ்சம் மேலே."

அண்ணி துணியில் தையல் தேடுவதுபோல் உற்றுப் பார்த்தாள். "ஒண்ணும் இல்லையே."

"நேரா பார்த்தா மறைஞ்சிடும் அண்ணி. கொஞ்சம் தள்ளி, ஓரக்கண்ணால பாருங்க."

"உங்க அண்ணனையே நான் ஓரக்கண்ணால பார்த்ததில்லை. ஆறுதல் சொல்றியாக்கும்?"

சுவரைப் பிடித்துக்கொண்டே படியிறங்கினாள். அடுத்த வாரம் வண்டி கிளம்பியது.

ஒரு வருடம் கழித்து, நான் மறுபடி மூட்டை கட்டிக்கொண்டிருந்தபோது, ஃபோனில் அவள் குரல் வந்து சேர்ந்தது.

"நேத்து ராத்திரி துணி எடுக்க மாடிக்குப் போனேன். உங்க அண்ணன் தண்ணித் தொட்டி மேல ஏறி நின்னு கூப்பிட்டார். நிமிர்ந்து அவரைப் பார்த்தேன், ஓரத்துல நீ அன்னிக்குக் காட்டின அந்த மங்கல்! அதைப் பார்த்தேன், காணோம். திரும்ப அவரைப் பார்த்தேன், வந்துடுச்சு. மனுஷனை இவ்வளவு நேரம் நான் பார்த்ததே இல்லையா, பயந்துட்டார். அவ்வளவு தூரம் போற கண்ணு எங்கேடி கெட்டுப்போச்சு? நாளைக்குக் கண்ணாடி வாங்கிக்கறேன். நீ மெஷினை அனுப்பி வை. அதுமேல உன் பையைத்தான் வெச்சிருப்பே, முதல்ல எடு."