என் புருஷன் பேரில் ஒரு நோயாளி

எங்கள் தமிழர் சங்கம் நடத்திய பள்ளிக்கூடத்தில் படித்த தமிழ் இன்னும் கையில் இருக்கிறது. அதனால் எழுதுகிறேன். எங்கள் வீட்டில் இதைப் படிக்கக்கூடியவர் என் அண்ணன் பாலசுப்பிரமணி ஒருவர்தான். அவர் படித்தால் படிக்கட்டும்.

என் பேர் கமலா. இந்தத் தீவில், விமான நிலையத்துப் பக்கம் நமாகாவில் இருக்கிறேன், விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் இடத்தில் வேலை. அண்ணன் லோவுவில் கரும்பு போட்டவர். இரண்டாயிரமாவது வருஷம் மே மாதம் தலைநகர் சுவாவில் துப்பாக்கிக்காரர்கள் நாடாளுமன்றத்துக்குள் புகுந்து பிரதமரைப் பிடித்து வைத்தார்கள். அதே வருஷம் அண்ணனின் குத்தகையும் முடிந்தது. நிலத்துக்குச் சொந்தக்காரர்களான பூர்வகுடிகள் அதைத் திருப்பிக் கேட்டார்கள். அப்பா காலத்திலிருந்து நட்ட கரும்பு, ஒரு வார்த்தையில் போச்சு.

மிச்சமிருந்தது ஒரே வழி. அண்ணனின் மூத்த பையன் ரோனில் பிரிஸ்பேனில் இருக்கிறான். அப்பா அம்மாவைக் கூப்பிட்டுக்கொள்ள மனு போட்டிருந்தான். தன் தங்கை பிரீத்திகாவும் படிக்கிற பிள்ளையாக இருந்தால் அவளையும் சேர்த்துக்கொள்ளலாமாம். ஏதாவது ஒரு படிப்பில் உடனே சேரச் சொன்னான். அவள் ஆம்புலன்ஸ் வேலைக்குப் படிக்கப் போகிறேன் என்றாள். நல்லது, நமாகாவுக்குப் பக்கத்தில் மார்டின்டாரில் ஒரு இடம் இருக்கிறது, சீக்கிரம் முடியும், வெளிநாட்டு முத்திரை போட்ட சர்டிபிகேட் தருவார்கள் என்று அவனே தேடியும் சொன்னான்.

இதில் ஒரு முள் இருந்தது. விசாவுக்கு எல்லாரும் மெடிக்கல் பாஸாக வேண்டும், ஒருவர் தவறினால் மொத்தக் குடும்பமும் தவறும் என்பது ஊர்ப் பேச்சு. அண்ணனுக்கோ கரும்பு வெட்டும்போது நெஞ்சு அடைத்தது. இடது கை மரத்தது, தாடை வலித்தது. ஆஸ்பத்திரிக்குப் போனால் எழுதி வைத்துவிடுவார்கள் என்று இஞ்சித் தண்ணீர் குடித்துக்கொண்டு சும்மா இருந்தார். எங்கள் பக்கத்தில் அந்த வருஷம் இப்படி வியாதியை மறைத்தவர்கள் எத்தனையோ பேர். எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல.

பிரீத்திகா படிப்பைத் தேர்ந்தெடுத்த விதத்தைச் சொல்ல வேண்டும். மார்டின்டாருக்கு அவளோடு நானும் போனேன். கடை மாடியில் ஏசி போட்ட அறை, இடுப்பு வரைக்கும் மட்டும் உள்ள ஒரு பொம்மை, பளபளவென்று நோட்டீஸ். அவள் கேட்டாள்: "பக்கத்து வீட்டுக்காரர் ஒருத்தருக்கு வேலை செய்யும்போது நெஞ்சு அடைக்குது, வேர்த்துக் கொட்டுது. என்ன செய்யணும்?" டை கட்டின பையன் சிரித்தான். அது பின்னால் வரும் பாடம், முதலில் பேரைக் கொடுங்கள் என்றான்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இவள் படிப்புத் தேடவில்லை, பேர் சொல்லாமல் அப்பாவுக்கு வைத்தியம் தேடுகிறாள்.

சுவாவில் இன்னொரு இடம் இருந்தது. அங்கே ஒரு வருஷப் படிப்பு. பாதி நாள் நிஜ ஆம்புலன்ஸில் ஓட வேண்டும். அண்ணி இந்திராவதி கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டாள். "சுவாவா? கடையெல்லாம் கொளுத்தின ஊருக்கா வயசுப் பொண்ணை அனுப்பறது?" அண்ணி கெஞ்சக் கெஞ்ச இவள் பஸ் ஏறிவிட்டாள். அங்கே ஆம்புலன்ஸ் கொட்டகையில் பாடம் சொல்லும் அம்மா இந்த மண்ணின் பூர்வகுடி, தடித்த உடம்பு, பல வருஷம் வண்டியில் ஓடியவள். இவள் அதே பக்கத்து வீட்டுக்காரர் கதையைச் சொல்ல, அந்த அம்மா கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாளாம்: "அவர் உன் அப்பாவா?"

பிரீத்திகா அங்கேயே உட்கார்ந்து அழுதிருக்கிறாள். இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ, படிப்பு எங்கேயும் ஓடிவிடாது என்று சொல்லி அனுப்பினாள் அந்த அம்மா. திரும்பி வந்ததும், சேர்ந்தால் சுவாவில்தான் சேருவேன், அதற்கு முன்னால் அப்பா ஆஸ்பத்திரிக்கு வரணும் என்றாள் இவள். வீட்டில் ரகளை. ரோனில் போனில் கத்தினான். அண்ணன் மட்டும் சத்தம் போடவில்லை, மகளை வழக்கம்போல இந்தியில் "பேட்டி" என்று கூப்பிட்டார். "மெடிக்கல் முடியட்டும் பேட்டி. அப்புறம் எங்க கூப்பிட்டாலும் வரேன்."

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் லோவுவுக்குப் போயிருந்தேன். காலையில் முற்றத்தில் விறகு பிளந்துகொண்டிருந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். முகம் சாம்பல் நிறம். பிரீத்திகா ரோட்டுக்கு ஓடி, மூட்டை ஏற்றும் கேரியர் வண்டி ஒன்றை மறித்தாள். பின்னால் கிடத்தி லௌடோக்கா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

பதிவு ஜன்னலில் பேர் கேட்டார்கள். நாங்கள் வாயைத் திறக்கும் முன் அண்ணனே முனகினார்: "வீரசாமி." பிறந்த தேதியும் சொன்னார்.

வீரசாமி என் புருஷன். செத்து மூன்று வருஷம். வீட்டில் தூக்கத்திலேயே போனவர், ஆஸ்பத்திரிக்கு அது தெரியாது. என் தாலி இறங்கிய பேரை என் எதிரிலேயே சொன்னார் என் அண்ணன். கழுத்தை நெரிக்க வேண்டும் போல் இருந்தது. அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, ஜன்னலைப் பார்த்து ஆமாம் என்று தலையாட்டினேன்.

வீரசாமி பேரில் இருந்த பழைய கார்டை எடுத்துப் படித்துவிட்டு வந்தார் டாக்டர். மாரடைப்புதான் என்றார். "ரத்தக் கட்டியைக் கரைக்க ஒரு ஊசி இருக்கு. ஆனா இவருக்கு வயித்துப் புண்ணில ரத்தம் போயிருக்குன்னு எழுதியிருக்கு. அந்த ஊசியைப் போட்டா இவரு உயிருக்கே ஆபத்து. போட முடியாது."

புண் வந்தது என் புருஷனுக்கு. அண்ணன் வயிறு கல்லு மாதிரி, ஒரு குறையும் இல்லை. அந்த ஊசிதான் அவருக்கு உயிர்.

அண்ணி மகளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். வேண்டாம் என்கிறாளா, சொல் என்கிறாளா, அவளுக்கே தெரிந்திருக்காது. கட்டிலிலிருந்து அண்ணன் மகளையே பார்த்தார். அந்தப் பார்வையில் பிரிஸ்பேன் இருந்தது, ரோனில் இருந்தான், நாங்கள் எல்லாரும் இருந்தோம்.

"இவர் வீரசாமி இல்லை. பாலசுப்பிரமணி, லோவு. என் அப்பா. வயித்துல ஒண்ணும் இல்லை. ஊசியைப் போடுங்க" என்றாள் பிரீத்திகா.

போட்டார்கள். பிழைத்தார். சொந்தப் பேரில் வியாதி ஏறிவிட்டதால் விசா போயிற்று. எல்லாருக்கும் சேர்த்துத்தான். "ஒரு பேர்ல எல்லாரையும் கொன்னுட்டா" என்றார் அண்ணன், கண் திறந்ததும். ரோனில் போன் செய்வதை நிறுத்திவிட்டான். நிலம் கையை விட்டுப் போனது. அண்ணனும் அண்ணியும் இப்போது நமாகாவில் என் பின்னறையில் இருக்கிறார்கள். பிரீத்திகா சுவாவில் அந்த அம்மாவிடமே சேர்ந்து, ஆம்புலன்ஸில் ஓடுகிறாள்.

தினமும் சாயங்காலம் போன் செய்வாள். அண்ணன்தான் எடுப்பார், வேறு யாரையும் எடுக்க விடமாட்டார். "யாரு?" என்பார். "பிரீத்திகா, அப்பா" என்பாள். "அப்படி யாரும் இங்க இல்லே" என்று வைத்துவிடுவார். வைத்த கையோடு நெஞ்சு மாத்திரையைப் போட்டுத் தண்ணீர் குடிப்பார். அவள் கூப்பிடாமல் போடமாட்டார். அண்ணி கொடுத்தாலும் கிடையாது, நான் கொடுத்தாலும் கிடையாது. இதை அவளிடம் சொன்னேன். அழுதாள், அன்றிலிருந்து ஒரு நாள்கூடத் தவறவில்லை.

நேற்றிலிருந்து புயல். சுவாவுக்குப் போன் லைன் இல்லை. மாத்திரை தட்டில் அப்படியே இருக்கிறது. திட்டினேன், காலைப் பிடித்தேன், அசையவில்லை. போனுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.