உப்பு மண்ணில் காராமணி

அனுப்பம்பட்டில் காராமணி விதைத்துப் பிழைத்த குடும்பத்துப் பெண் தனக்கோடி. மீன் விற்க வந்த துளசிங்கத்தோடு எழுபத்து நாலாம் வருஷம் படகேறிவிட்டாள். கூடையில் இருந்த வஞ்சிரம் அழகா, அதைச் சுமந்து வந்தவன் அழகா என்று அவள் ஒருபோதும் தீர்த்துச் சொன்னதில்லை. அவள் அம்மா அங்காளம்மாள் மட்டும் தீர்த்துச் சொன்னாள்.

"உன் வூட்டு வாசல்ல காராமணி காய்க்கட்டும். அதை என் கண்ணால பாத்துட்டு கை நனைக்கிறேன். அதுவரைக்கும் எனக்குப் பொண்ணு இல்ல."

விவரம் தெரிந்துதான் சொன்னாள். பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் மணல்திட்டில் இருந்தது அந்தக் குப்பம். அங்கே வெயிலில் உட்கார்ந்த காக்கை கருவாடாகத்தான் எழுந்திருக்கும். மாமியார் பவுனம்மாள் வைதால் வசவுகூட உப்புக் கரிக்கும்.

தனக்கோடி விடவில்லை. மழை பெய்து உப்புக் கொஞ்சம் கழுவிப்போன கையோடு, ஒவ்வொரு தையிலும் வாசலில் விதை போட்டாள். முளை வரும். இலையோரம் கருகும். பிறகு தீ வைத்ததுபோல் சாய்ந்துவிடும்.

"இன்னாடி தனக்கோடி, செடிக்கு மீன் கொழம்பு ஊத்துனியா?" என்று தண்ணீருக்குப் போகிறவர்கள் சிரிப்பார்கள்.

சுவரோரம் ஒன்றிரண்டு செடி மட்டும் என்ன வரம் வாங்கியதோ, பிழைத்து ஒரு பிடி காய்க்கும்; அம்மாவைக் கூப்பிட்டுக் காட்ட அது போதாது. குப்பத்தில் முதல் வலையில் விழுந்த மீனானாலும் முதல் காயானாலும் எல்லையம்மனுக்குத்தான். அந்த ஒரு பிடியும் பங்குனித் திருவிழாச் சுண்டலில் போய்விடும். மறு தைக்குத் துளசிங்கம் பொன்னேரிச் சந்தையிலிருந்து புது விதை வாங்கி வருவான்.

எழுபத்தெட்டில் கரீமா வந்தாள். பழவேற்காட்டுப் பழைய வியாபாரக் குடும்பத்துப் பெண். வெளியூரில் பயிர்களின் மரபியல் படித்துக்கொண்டிருந்தாள். உப்பு மண்ணில் பிழைக்கிற பயறு எங்கேயாவது உண்டா என்று தேடிக்கொண்டு வந்தவள், தனக்கோடி வாசலில் நின்றுவிட்டாள்.

"போன வருசம் பிழைச்ச செடியோட விதை எங்கக்கா?"

"அம்மன் சுண்டல்ல."

"அதுக்கு முந்தின வருசத்தது?"

"அதுவும் சுண்டல்தான். நல்லா வெந்துச்சு."

கரீமா தலையில் கை வைத்துக்கொண்டாள். "சந்தை விதை பல சாதிக் கலப்புக்கா. உப்பு தாங்குறது ஒரே ஒரு மரபணு பண்ற வேலை இல்ல. வேர்லயே உப்பை மறிக்கிற குணம், இலைக்கு ஏறினதை ஒதுக்கி வைக்கிற குணம்னு பலது சேரணும். அது சேர்ந்த செடிதான் பிழைக்குது. காராமணிப் பூ பெரும்பாலும் தன் மகரந்தத்துலயே காய்ச்சிடும். அதனால புள்ளை தாயை அப்படியே உரிச்சு வைக்கும். நீங்க வருசா வருசம் அந்தத் தாயை வேக வச்சுட்டீங்க!"

"தாயை உரிச்சு வைக்குமா? அப்போ என் புடிவாதமும் அப்படி வந்ததுதான்" என்று சிரித்தாள் தனக்கோடி. சிரித்து முடிப்பதற்குள் கண் ஏரிக்கு அக்கரை, அம்மா ஊர்ப் பக்கம் போய்விட்டது.

விதையைச் சுண்டலுக்குத் தராமல் வைத்துக்கொள்வது எப்படி? பவுனம்மாள் குதிப்பாள் என்று பயந்தாள். ஆனால் பவுனம்மாளுக்குச் சம்பந்தியம்மாவைத் தன் வீட்டில் உட்காரவைத்துச் சோறு போட்டுப் பார்க்க வேண்டும் என்ற ஆசை உள்ளுக்குள் புகைந்துகொண்டிருந்தது.

"வேக வச்சுதான் குடுக்கணும்னு அம்மன் உங்கிட்ட சொன்னாளா? பச்சையா வச்சுக் காட்டு. திருப்பி எடுத்தா பிரசாதம். பிரசாதத்தை மண்ணுல போட்டா பாவமா இன்னா?"

அன்றிலிருந்து பிழைத்ததன் விதையே மறு தைக்கு விழுந்தது. கரீமாவும் சில விதைகளைத் தன் உப்புத்தண்ணீர்த் தொட்டிகளுக்குக் கொண்டுபோனாள். வருஷத்துக்கு வருஷம் கருகியவை குறைந்தன. எண்பத்து நாலு புயலில் ஏரி வீட்டுக்குள்ளேயே வந்து படுத்துவிட்டுப் போனது. வாசல் மண்ணில் உப்பு வெள்ளையாய்ப் பூத்தது. அந்தத் தையில் போட்டதிலும் ஒரு வரிசை முழுக்க நின்று காய்த்தது.

அம்மன் முன் வைத்து எடுத்த காய்களைக் கூடையில் போட்டுக்கொண்டு தனக்கோடி அனுப்பம்பட்டுக்கு ஓடினாள். அங்காளம்மாளுக்குப் பார்வை மங்கியிருந்தது. ஒரு காயை உடைத்து, பயற்றைப் பல்லில் வைத்துக் கடித்தாள்.

"தோல் தடிச்சிருக்கு. எந்தச் சந்தையில வாங்கின?"

"யம்மா, என் வாசல்ல காய்ச்சது!"

"சந்தையிலயும் காய்தான் விக்குது. செடியில பாக்கணும்னுதான சொன்னேன்?" கூடையைத் தள்ளிவிட்டாள்.

தனக்கோடி கூடையை எடுத்துக்கொண்டு வாசல் படலைத் தாண்டினாள். தெருவில் கால் வைத்தபோது முதுகுக்குப் பின்னால் குரல் கேட்டது.

"அந்தப் படகுல உக்காந்தா பொடவை நனையுமா?"

"நனையாதும்மா. நான் புடிச்சுக்கறேன்."

"வரேன்னா சொன்னேன்? சும்மா கேட்டேன்."

தனக்கோடி சொல்லி அதைக் கேட்ட துளசிங்கம் அந்த வாரமே மாமியாருக்காகப் படகின் நடுவில் ஒரு பலகையை உயர்த்தி அடித்தான். அதில் வேறு யாரையும் உட்கார விடவில்லை. மறு தைச் செடி காய்க்கும் வரைக்கும் அது காலியாகவே ஏரியைக் கடந்து போய்வந்தது. ஒவ்வொரு முறை படகு திரும்பும்போதும் தனக்கோடி கரையில் நின்று முதலில் அந்தப் பலகையைத்தான் பார்த்தாள்.